44 அங்குல ஸ்னோப்ளோவர்: மாட்டும்போது தெரியாதது கழற்றும்போது தெரியும்

கார்டன் டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற ஸ்னோப்ளோவரை, அதாவது பனியை வாரி எறியும் கருவியை, விற்கும் கடைகளில் முதலில் காட்டுவது பனி எத்தனை அடி தள்ளிப் போய் விழுகிறது என்பதைத்தான். அந்த விஷயத்தில் சந்தையில் உள்ள எதுவும் பெரிதாகச் சோடை போவதில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படுவது ஏப்ரல் நடுவில், புல் தலைகாட்டத் தொடங்கியதும், 300 பவுண்டை நெருங்கும் அந்த இரும்புப் பெட்டியை இறக்கிவிட்டு புல்வெட்டும் மோவர் டெக்கை மாட்ட உட்காரும் நாளில். நல்ல வடிவமைப்பு முக்கால் மணி நேரத்தில் கழன்றுவிடும். மோசமானது ஒரு சனிக்கிழமையை முழுதாக விழுங்கிவிட்டு, முழங்கையில் சிராய்ப்பும் கொடுத்துவிட்டுப் போகும். ஆகவே இங்கே எறியும் தூரத்துக்கு மதிப்பெண் கிடையாது. கழற்றுவது, வைப்பது, கெடாமல் காப்பது, இவற்றுக்குத்தான்.

எடுத்துக்கொண்டது 42 முதல் 48 அங்குல அகலமுள்ள, பெல்ட்டால் ஓடும் வகை. ஜான் டியர் எக்ஸ்300 வரிசைக்கு வரும் 44 அங்குலம், கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆட்ஸ்டாக் ஊரிலிருந்து பெர்கோமாக் நிறுவனம் பல கம்பெனி டிராக்டர்களுக்கும் பொருந்தும்படி செய்கிற பெர்கோ, கப் கேடட் எக்ஸ்டி வரிசையின் 42 அங்குல மூன்று கட்ட மாடல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். முன்னால் படுக்கை வாட்டில் மெதுவாகச் சுற்றும் திருகு, அதாவது ஆகர், பனியை நடுவுக்குக் கூட்டி வரும். அதன் பின்னால் ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தில் சுழலும் இம்பெல்லர் அதை வாரி, மேலே நிற்கும் ஷூட் என்ற குழல் வழியாக எறியும். மூன்று கட்ட வகையில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு சிறு திருகு இருக்கும். ஜான் டியர் எக்ஸ்700 போன்ற கனத்த டிராக்டர்களில் பெல்ட்டுக்குப் பதிலாக ஷாஃப்ட் ஓடுகிறது. அவற்றின் விலையும் வேறு, தலைவலியும் வேறு.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இந்தக் கருவி ஒரே பொருளாக வருவதில்லை. பனி அள்ளும் பெட்டி ஒன்று, அதைத் தாங்க டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் மாட்டும் சப்ஃபிரேம் என்ற சட்டம் ஒன்று, எஞ்சினுக்குக் கீழே உள்ள மின்காந்தக் கிளட்சிலிருந்து பெட்டிவரை சக்தியைக் கொண்டுபோகும் புல்லிகளும் பெல்ட்டும் ஒன்று. பெட்டியைக் கழற்றுவது எல்லா மாடலிலும் சுலபம். கோளாறு சப்ஃபிரேமில்தான். அது இருக்கும்போதே மோவர் டெக் உள்ளே போகுமா? போகும் என்றால், வருடாவருடம் செய்ய வேண்டியது இரண்டு பின்னை உருவுவதும் ஒரு பெல்ட்டை மாற்றுவதும் மட்டுமே. போகாது என்றால், டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆறு, எட்டு போல்ட்டுகளை ஒவ்வொரு ஏப்ரலிலும் கழற்றி ஒவ்வொரு அக்டோபரிலும் பூட்ட வேண்டியிருக்கும். உப்புக் கலந்த பனித்தண்ணீரில் ஐந்து மாதம் ஊறிய போல்ட்டுகள்.

இந்தக் கேள்விக்கு விளம்பரத் தாளில் பதில் இருக்காது. பாகங்களின் வரைபடம் உள்ள கையேட்டை இணையத்தில் இறக்கி, "கழற்றுதல்" என்ற பகுதி எத்தனை பக்கம் என்று பாருங்கள். ஒன்றரைப் பக்கம் என்றால் நம்பி வாங்கலாம். "பொருத்திய வரிசையைத் தலைகீழாகச் செய்யவும்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், வடிவமைத்தவர் தன் கையால் அதை ஒருமுறைகூடக் கழற்றவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, தூக்கி இறக்கும் லிவரோடு வரும் உதவி ஸ்பிரிங். அதற்குத் தளர்த்தும் திருகோ கொக்கியோ இருக்கிறதா என்பது. இல்லாத வடிவமைப்பை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பரிந்துரைக்க மனம் வரவில்லை. காரணம் கீழே.

கழற்றும் முறை

கனடாவின் தெற்கு ஒண்டாரியோவில் மார்ச் கடைசியிலும் ஒரு கனத்த பனி விழுந்து ஏமாற்றும். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு முன் கழற்ற அவசரப்பட வேண்டாம். கடைசியாகப் பயன்படுத்திய நாளில், வேலை முடிந்தபின் இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினால் ஆகருக்குள் தங்கிய ஈரப்பனி பறந்துவிடும். பிறகு தோட்டக் குழாயால் சாதாரணமாகக் கழுவினால் போதும். பிரஷர் வாஷரைப் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் நேராகப் பிடிப்பது, உப்பை வெளியேற்றுவதற்குப் பதில் தண்ணீரை உள்ளே ஏற்றும் வேலை.

கழற்றப்போகும் இடம்தான் அது கோடை முழுவதும் கிடக்கப்போகும் இடம். கழற்றிய பின் இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது கடினம். அதனால் சக்கரப் பலகை ஒன்று கட்டாயம். முக்கால் அங்குல பிளைவுட்டில், நாலு மூலையிலும் 3 அங்குலச் சுழல் சக்கரம், ஒவ்வொன்றும் 150 பவுண்டு தாங்குவதாக. பெட்டியின் அடி விளிம்பு சறுக்காதபடி பலகையின் முன்னும் பின்னும் 2×4 கட்டையை ஆணியடித்துக் கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்காவது பிரேக் இருக்கட்டும். இந்தப் பலகைக்கு ஆகும் செலவைப்போல் பத்து மடங்கு முதுகுவலி மாத்திரைக்கு ஆகும்.

சமதளத் தரை, பார்க்கிங் பிரேக், சாவி கையில், ஸ்பார்க் பிளக் வயர்கள் கழற்றிய நிலை. இதிலிருந்துதான் ஆரம்பம். முதலில் உதவி ஸ்பிரிங். லிவரைத் தூக்கும்போது கைக்குப் பளு குறைவாகத் தெரிவதற்குக் காரணமே இந்த ஸ்பிரிங் இழுபட்டுக் காத்திருப்பதுதான். பெட்டி தரையில் இருக்கும்போது அது முழு இழுவையில் இருக்கும், தூக்கிய நிலையில் தளர்ந்திருக்கும். பலரும் நேர்மாறாக நினைத்து, பெட்டியை முதலில் தரையில் இறக்கிவிட்டு ஸ்பிரிங்கின் பின்னை உருவுகிறார்கள். இன்னும் மோசம், பெட்டியை அப்படியே கழற்றிவிடுவது. பளு போன அந்தக் கணமே ஸ்பிரிங் சுருங்கி, லிவர் பின்னால் பாயும். அது பாயும் வழியில் இருப்பது உங்கள் தாடையாகவோ மணிக்கட்டாகவோ இருக்கலாம். முறை இதுதான்: பெட்டியை முழுதாகத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, ஸ்பிரிங்கின் தளர்த்தும் திருகைக் கழற்றி, கொக்கியை விடுவித்து, அதன்பின் கட்டையை எடுத்துச் சக்கரப் பலகையின்மேல் மெதுவாக இறக்குவது. உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடு சொல்வதே சரி.

அடுத்தது பெல்ட். தொடுவதற்கு முன் பெல்ட் எந்தப் புல்லியின் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கைப்பேசியில் மூன்று கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். அக்டோபரில் நினைவு கைகொடுக்காது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியின் கையில் சதுரத் துளை இருந்தால் ராட்செட்டின் முனையை அதில் செருகி இழுத்தால் பெல்ட் தளரும். துளை இல்லாத மாடலில் ஸ்பிரிங்கைக் கொக்கி வைத்து இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பெல்ட்டை நெம்பி எடுப்பவர்கள் உண்டு. மேலே கீறல் தெரியாது, உள்ளே இழை அறுந்திருக்கும், அந்தப் பெல்ட் ஜனவரியில் மைனஸ் 20-ல் போய்ச் சேரும். கிளட்ச் புல்லியைச் சுற்றிப் பெல்ட் நழுவாமலிருக்க வளைந்த கம்பிகள் காவல் நிற்கும். அவற்றைத் தளர்த்தாமல் பெல்ட் வெளியே வராது. வளைக்கக் கூடாது, தளர்த்த மட்டும் வேண்டும். எஞ்சின் அப்போதுதான் நின்றிருந்தால் கிளட்ச் தொட முடியாத சூட்டில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஷூட்டைத் திருப்பும் கம்பியோ கேபிளோ ஒரு காட்டர் பின்னில் நிற்கும். மின்மோட்டார் வைத்த மாடல் என்றால் இரண்டு கனெக்டர். பிரித்ததும் இரண்டு முனையிலும் மின் இணைப்புக்கென்று உள்ள டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் "ஷூட் திரும்பவில்லை" என்று மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது. அந்தப் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி பச்சை பூத்த கனெக்டர்தான்.

கடைசியில் பெட்டியைச் சப்ஃபிரேமோடு சேர்க்கும் இரண்டு பின்கள். இவை வராவிட்டால் சுத்தியலைத் தேட வேண்டாம். பின் வரவில்லை என்றால் அதன்மேல் பளு இருக்கிறது. சக்கரப் பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய கட்டையைச் செருகியோ, சின்ன ஜாக்கியால் கால் அங்குலம் உயர்த்தியோ பார்த்தால் கை விரலால் உருவ வரும். அடித்து உருவிய பின்னின் முனை காளான்போல் விரிந்துவிடும், பிறகு அது எந்தத் துளைக்குள்ளும் நுழையாது. பின்கள் வந்ததும் பெல்ட் எதிலும் சிக்கியிருக்கவில்லை என்று ஒருமுறை குனிந்து பார்த்து, டிராக்டரைப் பின்னால் எடுக்கலாம். பின்கள், கிளிப்கள், கம்பி எல்லாம் ஒரே பையில், அந்தப் பை பெட்டியிலேயே கட்டித் தொங்கட்டும்.

பெட்டி போனதும் பின்புறப் பளுவையும் எடுத்துவிட வேண்டும். முன்னால் தொங்கிய பெட்டிக்கு ஈடாகத்தான் பின்னால் பளு வைத்தோம். பெட்டி இல்லாமல் பளு மட்டும் இருந்தால், ஏற்றத்தில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். டயர் செயினும் கழல வேண்டும். புல்தரைக்கும் தார்த்தளத்துக்கும் அது பகை.

ஷியர் போல்ட்டும் ஆகர் ஷாஃப்டும்

பராமரிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்தால் போதும். ஆகர் அதன் ஷாஃப்டோடு ஒட்டிய ஒரே துண்டு அல்ல. அது ஒரு குழாய், ஷாஃப்ட்டின்மேல் சட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது பக்கத்துக்கு ஒரு ஷியர் போல்ட். கல்லோ, உறைந்த விளம்பரத்தாள் கட்டோ, தோட்டக் குழாயோ சிக்கினால் அந்தப் போல்ட் அறுந்து, ஆகர் நின்றுவிடும், ஷாஃப்ட் மட்டும் சுற்றும், கியர்பாக்ஸ் தப்பும். கணக்கு அவ்வளவு எளிது.

அந்தக் கணக்கு இரண்டு வழியில் பொய்க்கிறது. முதலாவது, அறுந்த போல்ட்டுக்குப் பதிலாக வீட்டில் கிடந்த கெட்டிப் போல்ட்டைப் போடுவது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. இரண்டுமே பொதுவாக இந்த இடத்துக்குரியவை அல்ல. கம்பெனி தரும் ஷியர் போல்ட் அந்தக் கியர்பாக்ஸின் பலத்துக்கு அளவெடுத்துச் செய்தது. சிலவற்றில் அறுவதற்கென்றே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கெட்டிப் போல்ட் அறாது, அதற்குப் பதில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வெண்கலப் பல்சக்கரம் அறும். சில டாலர் போல்ட்டை மிச்சம் பிடித்து சில நூறு டாலர் கியர்பாக்ஸை இழப்பது.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. சரியான போல்ட்தான் போட்டிருக்கிறது, ஆனால் ஆகர் குழாய் ஷாஃப்டோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. இப்போது போல்ட் அறுந்தாலும் ஆகர் நழுவாது, போல்ட் அறாத மாதிரிதான். வருடத்துக்கு ஒருமுறை, கழற்றிய கையோடு, இரண்டு ஷியர் போல்ட்டையும் எடுத்துவிட்டு ஆகரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் நிற்க, ஆகர் மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றினால், கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, சுற்றிக்கொண்டே, குழாயின் ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். போல்ட் மாட்டியபடியே கிரீஸ் அடித்தால் ஒரு பக்கமாகத்தான் பரவும். தண்ணீரைத் தாங்கும் மெரின் கிரீஸ் இங்கே நல்லது. நிப்பிள் இல்லாத மாடல்களும் உண்டு. அவற்றில் ஷியர் போல்ட் துளை வழியாகவே எண்ணெய் விட்டுச் சுற்றித்தான் ஆக வேண்டும், இது அந்த மாடல்களுக்கு ஒரு மதிப்பெண் குறைவு.

சுற்றவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயைத் துளையிலும் ஓரங்களிலும் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, பைப் ரெஞ்ச்சால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். ஆகரின் தகட்டைப் பிடித்து நெம்பினால் தகடு கோணிவிடும். அசையத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலவந்தம் எல்லாம் கியர்பாக்ஸ் பல்லில் போய் முடியும் என்பதால் பொறுமை தேவை.

புதுப் போல்ட்டை நட் கழன்று விழாத அளவுக்கு இறுக்கினால் போதும். உதிரியாக ஆறு போல்ட்டும் நட்டும் ஒரு பொட்டலத்தில், டிராக்டர் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அறும் போல்ட்டுக்குக் கடை திறந்திருக்காது.

கியர்பாக்ஸ்

ஆகரின் நடுவில் தேங்காய் அளவுக்கு உருண்டு நிற்பதுதான். உள்ளே வார்ம் எனப்படும் எஃகுத் திருகு ஒன்று வெண்கலச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெட்டியைச் சமமாக வைத்து, பக்கத்தில் உள்ள பிளக்கைத் திறந்தால் எண்ணெய் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். சில மாடல்களுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு 00 எனப்படும் கூழ்போன்ற கிரீஸ். இரண்டையும் கலக்கக் கூடாது, கையேட்டில் உள்ளதே போட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் கெட்டிக் கிரீஸை நிரப்பிவிட்டுத் திருப்திப்படுபவர்கள் அதிகம். கெட்டிக் கிரீஸில் வார்ம் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும், கிரீஸ் இறங்கி வந்து அந்த வாய்க்காலை நிரப்பாது, பல் உலர்ந்த நிலையில் ஓடும். பார்த்தால் நிரம்ப கிரீஸ், ஓடுவது வறட்சியில்.

எண்ணெய் பாலேடுபோல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. முழுக்க வடித்து, சீல் மாற்றி, புதிது ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயைச் சூரிய ஒளியில் பார்த்து, தங்கத் தூள் மாதிரி மின்னினால் வெண்கலம் தேய்கிறது. கொஞ்சம் தூள் சகஜம். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் வந்தால் ஆயுள் எண்ணப்படுகிறது.

சுரண்டும் பட்டை, ஸ்கிட் ஷூ, ஷூட்

பெட்டியின் அடி விளிம்பில் போல்ட் போட்டு நிற்கும் பட்டைதான் தரையைச் சுரண்டுகிறது. தேய்வது அது, தேயக்கூடாதது பெட்டியின் விளிம்பு. பட்டை தேய்ந்து பெட்டியை எட்டுமுன் மாற்றிவிட்டால் பட்டையின் விலையோடு போயிற்று. பல மாடல்களில் பட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு விளிம்பையும் பயன்படுத்தலாம். சதுரக் கழுத்துள்ள போல்ட்டுகள் துருவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் அறுத்து எறிந்து, புதிதில் துருவில் ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவிப் போடுவதே நேர மிச்சம்.

பெட்டியின் இரு ஓரத்திலும் தரையில் சறுக்கிவரும் கால்தான் ஸ்கிட் ஷூ. அதன் உயரத்தைக் கண்ணளவில் வைப்பவர்களால்தான் கல்லும் ஷியர் போல்ட்டும் செலவாகின்றன. தார், கான்கிரீட் தளத்துக்குப் பட்டையின் கீழே இரண்டு ஓரத்திலும் பெயின்ட் கலக்கும் குச்சி ஒவ்வொன்று, அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம், வைத்து, ஷூக்களைத் தளர்த்தித் தரையில் உட்காரவிட்டு இறுக்குங்கள். சரளைத் தளத்துக்கு முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம். சரளைக்காரர்கள் முதல் இரண்டு பனியை அள்ளாமல் டயரால் மிதித்து இறுகவிட்டு, அதன்மேல் ஓட்டினால் கற்கள் தரையோடு உறைந்து கிடக்கும்.

ஷூட்டில் பனி ஒட்டுவதற்கு உண்மையான காரணம் உள்ளே பெயின்ட் போய்த் துருவேறிய தகடு. சிலிகான் ஸ்பிரே அடித்தால் ஒரு பனிக்குத் தாங்கும். கோடையில் உள்பக்கத்தை மணல்தாளால் தேய்த்து, கெட்டிப் பெயின்ட் அடித்து, காருக்குப் போடும் மெழுகை இரண்டு கை பூசினால் குளிர்காலம் முழுவதற்கும் வரும். இம்பெல்லரின் நுனிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடைக்கும் கிட் ஒன்று தனியாக விற்கிறது. ஈரப்பனியில் அது நிஜமாகவே பலன் தரும். ஆனால் சரளை டிரைவ்வேக்கு வேண்டாம். சின்னக் கல் ரப்பருக்கும் உறைக்கும் நடுவே மாட்டினால் பெல்ட் கருகும்.

பெல்ட்டும் கிளட்சும்

பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கிச் சூடாகியிருக்கிறது. கையால் வளைத்துப் பார்க்கையில் உள்பக்கம் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அகலமும் நீளமும் சரியாக இருக்கிறதே என்று கார் ஃபேன் பெல்ட்டைப் போடுவது பலிக்காது. இந்தப் பெல்ட் ஐட்லரில் முதுகுப் பக்கமாகவும் வளைகிறது, இழுவையில் குலுங்கியும் ஏறுகிறது, அதற்கென்று அராமிட் இழையும் துணிச்சுற்றும் வைத்துச் செய்தது. கோடையில் பெல்ட்டை இழுவையில் விடாமல், மடிக்காமல், ஆணியில் தொங்கவிடலாம். புதுப் பெல்ட் முதல் இரண்டு, மூன்று மணி நேர ஓட்டத்தில் நீளும், பிறகு ஒருமுறை இழுவையைப் பார்க்க வேண்டும்.

பெல்ட் நன்றாக இருந்தும் கனத்த பனியில் ஆகர் நின்று நின்று ஓடினால் மின்காந்தக் கிளட்சைப் பாருங்கள். சரிசெய்யக்கூடிய வகையில் சுற்றிலும் மூன்று சன்னலும் மூன்று நட்டும் இருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒவ்வொரு சன்னலிலும் நுழைத்து, மூன்றிலும் ஒரே இடைவெளி வரும்படி நட்டைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான மாடல்களுக்கு 0.012 முதல் 0.018 அங்குலத்துக்குள் வரும், உங்கள் எண் கையேட்டில். கம்பிச்சுருளின் தடை 2 முதல் 4 ஓமுக்குள் இல்லாவிட்டால் கிளட்சின் காலம் முடிந்தது. கிளட்சைப் போடும்போது எஞ்சின் பாதி வேகத்தில் இருக்கட்டும், பிடித்தபின் முழு வேகம். முழு வேகத்தில் சட்டென்று போடுபவர்கள் பெல்ட்டையும் கிளட்சையும் சேர்த்தே தின்கிறார்கள். வேலை செய்யும்போதோ எஞ்சின் முழு வேகத்திலும் டிராக்டர் ஆமை வேகத்திலும். இம்பெல்லர் வேகம் குறைந்தால் ஷூட் அடைக்கும்.

ஷூட் அடைத்தால்: கிளட்சை அணைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, ஆகரும் இம்பெல்லரும் முழுதும் நிற்கும்வரை பொறுத்து, மரக்கம்பாலோ கூடவே வரும் பிளாஸ்டிக் கரண்டியாலோ தள்ளுங்கள். எஞ்சின் நின்றபின்னும் முறுக்கேறிய பெல்ட்டில் விசை தேங்கியிருக்கும், பனி விலகிய நொடியில் இம்பெல்லர் ஒரு கால் சுற்று உதறும். விரல் போவதற்கு அது போதும். கையை உள்ளே விடவே கூடாது.

பல டிராக்டர்களில் பின்னால் எடுக்கும்போது கிளட்ச் தானாகவே அணைந்துவிடும். புல்வெட்டும் பிளேடுக்காக வைத்த பாதுகாப்பு. ஜான் டியரில் அதற்கென்று ஒரு பொத்தானும் கப் கேடட்டில் சாவியின் இன்னொரு நிலையும் உண்டு. பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

பளு, செயின், முன் அச்சு

இந்தப் பெட்டியைத் தூக்கியதும் டிராக்டரின் எடை முன் அச்சுக்குப் போய், பின் டயர் வெறுமனே சுற்றும். பின்னால் 100 முதல் 200 பவுண்டுவரை பளுவும் டயர் செயினும் இல்லாமல் இதை வாங்குவது வீண். செயினில் குறுக்குச் சங்கிலி இரண்டு கண்ணிக்கு ஒன்று வரும் வகை நான்கு கண்ணி வகையைவிடக் குலுக்கல் குறைவு, பிடிப்பும் அதிகம். அழகான தார்த்தளம் என்றால் ரப்பர் செயின். டயருக்குள் திரவம் நிரப்புவது இன்னொரு வழி. பழைய முறையான கால்சியம் குளோரைடு சிறு கசிவிலும் ரிம்மை அரித்துவிடும். பீட்ரூட் சாற்றிலிருந்து செய்த திரவம் அரிக்காது, தண்ணீரைவிடக் கனமானதும்கூட.

முன் அச்சைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் கனம் தாங்கிய, முன்சக்கரம் திரும்பும் ஸ்பிண்டில் அச்சின் புஷ்கள் கிரீஸ் இல்லாவிட்டால் இரண்டு, மூன்று பருவத்தில் நீள்வட்டமாகிவிடும். பெட்டியைக் கழற்றிய அன்றே இரண்டு ஸ்பிண்டிலுக்கும் கிரீஸ் அடித்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். எஞ்சின் எண்ணெயையும் அன்றே மாற்றிவிடலாம். குளிருக்கு ஊற்றிய 5டபிள்யூ-30 சிந்தெடிக் பல எஞ்சின்களில் கோடைக்கும் போதும், கையேடு ஒப்புக்கொண்டால்.

கோடையில் வைக்குமுன் பெயின்ட் போன இடமெல்லாம் லேனோலின் ஸ்பிரே. தார்ப்பாலினால் இறுக்கிச் சுற்றி கான்கிரீட்டில் வைத்தால் அடியில் வேர்த்துத் துரு பிடிக்கும், காற்றாடும் துணி போதும். ஷூட் வாயில் கம்பி வலை வைத்து அடைக்காவிட்டால் எலி குடும்பம் நடத்தும்.

யாருக்கு வாங்கலாம்

இதற்கு ஆகும் பணத்தில் பின்னால் நடந்து ஓட்டும் நல்ல இரண்டு கட்ட ஸ்னோப்ளோவர் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். சிறிய டிரைவ்வேக்கு அதுதான் அறிவு. 100 அடிக்கு மேல் நீளம், டிராக்டர் திரும்ப இடம், ஏற்கெனவே கையில் கார்டன் டிராக்டர், மூன்றும் இருந்தால் இந்த வகை பணத்துக்குத் தகும். சாலைப் பனியை நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போகும் வாசல் மேட்டை, உப்பும் பனிக்கட்டியும் கலந்து இறுகுவதற்கு முன், பாதி அகலமாக மட்டும் கடித்துக் கடித்து எடுக்க வேண்டும். முழு அகலத்தில் முட்டினால் சப்ஃபிரேமில் வெல்டு விரியும்.

பழையதை வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சப்ஃபிரேமும் புல்லிகளும் உங்கள் டிராக்டர் மாடலுக்கு உரியவைதானா என்று எண்ணைச் சரிபாருங்கள், வேறு மாடலின் சப்ஃபிரேம் பொருந்தாது, தனியாக வாங்கினால் பெட்டியின் விலையில் பாதி போய்விடும். பிறகு விற்பவரிடம் அனுமதி கேட்டு ஷியர் போல்ட் இரண்டையும் எடுத்து ஆகரைச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் விலையைக் குறைக்கலாம். போல்ட்டின் தலையில் ஆறு கோடு இருந்தால், கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்து எண்ணெயில் செதில் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.